ஸ்ரீ மேடான் இரும்பும் ஃபெரைட்டும்

மலாயாவின் ஜொகூர் மாநில இரும்புத் தாது இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் டன் கணக்கில் ஜப்பானுக்குப் போனது. பத்து பகாட் பகுதியில் ரப்பர் தோட்டம் நடத்திய ஜப்பானியர் இஷிஹாரா ஹிரோயிச்சிரோ, ஸ்ரீ மேடானில் தாது இருப்பதறிந்து 1920இல் சுரங்க நிறுவனம் தொடங்கினார். தாது ஜப்பானின் யவாட்டா உருக்காலைக்குக் கப்பலேறியது. உருக்காலை தாதுவிலுள்ள அந்நியப் பொருளைக் கழிக்கப் பார்க்கும். அதே காலத்து டோக்கியோவில் நடந்தது இதற்கு நேர்மாறு.

அங்கே தொழில்நுட்பக் கல்லூரியில் யோகோரோ கட்டோவும் தக்கேஷி தக்கேயும் 1930இல் இரும்பு ஆக்சைடோடு செம்பு, துத்தநாக ஆக்சைடுகளை வேண்டுமென்றே கலந்து சுட்டனர். கிடைத்த கறுப்புப் பீங்கான் பொருள்தான் ஃபெரைட். கோபால்ட் சேர்த்தபோது நிரந்தரக் காந்தமே அமைந்தது. ஃபெரைட்டை விற்க 1935இல் பிறந்த நிறுவனம் டிடிகே.

ஃபெரைட் ஏன் இப்படிக் காந்தமாகிறது என்பதற்கு விளக்கம் 1948இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீலிடமிருந்து வந்தது. ஃபெரைட்டில் உலோக அயனிகளுக்கு இருவகை இருக்கைகள்: நான்கு ஆக்சிஜன் சூழ்ந்தது ஒன்று, ஆறு சூழ்ந்தது மற்றொன்று. இரு வகை இருக்கைகளின் காந்தத் திருப்புத்திறன்கள் ஒன்றுக்கொன்று எதிரெதிர்த் திசையில் நிற்பதால் மிச்சம் மட்டுமே வெளியில் தெரியும். காந்தத்தன்மையற்ற துத்தநாகம் முதல் வகை இருக்கையில் அமர்ந்து அங்கிருந்த இரும்பை இரண்டாம் வகைக்குத் தள்ளுகிறது. கழிப்பது குறைய, மிச்சம் கூடுகிறது. காந்தமற்ற உலோகம் காந்தத்தை வலுவாக்கும் இந்த விநோதத்துக்கும் எல்லை உண்டு. ஏறத்தாழப் பாதி இடம் துத்தநாகமானதும் இருவகை இருக்கைகளின் பிணைப்பு தளர்ந்து காந்தம் சரிகிறது. காந்தத்தன்மை மறையும் கியூரி வெப்பநிலையோ துத்தநாகம் சேரச் சேரத் தொடக்கத்திலிருந்தே இறங்கும்.

மின்பண்பின் கதை வேறு. இயற்கை இரும்பு ஆக்சைடான மாக்னடைட்டில் ஈரிணைய இரும்பும் மூவிணைய இரும்பும் அருகருகே இருப்பதால் எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். மின்சாரம் எளிதாக ஓடும். ஈரிணைய இரும்பின் இடத்தில் நிக்கலோ துத்தநாகமோ வந்தால் தாவ இடமின்றி மின்தடை பல மடங்கு ஏறுகிறது. உயர் அதிர்வெண்ணில் கம்பிச்சுருள்களின் உலோக உள்ளகங்களைச் சூடாக்கிய சுழல் மின்னோட்டம் இதனால் அடங்கியது. உலையில் ஆக்சிஜன் குறைந்து ஈரிணைய இரும்பு மீண்டும் உருவானால் அந்த ஆதாயம் போய்விடும். ஆகவே சுடும்போது உலையிலுள்ள காற்றுக்கும் கட்டுப்பாடு தேவை.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் ஸ்னூக் 1940களில் மாங்கனீசு-துத்தநாகம், நிக்கல்-துத்தநாகம் ஆகிய இரு குடும்பங்களை வளர்த்தெடுத்தார். முன்னது காந்த ஊடுருவுதிறன் மிக்கது, ஆனால் மின்தடை குறைவு. பின்னது மெகாஹெர்ட்ஸ் வேலைக்கு ஏற்றது. வானொலிப் பெட்டியின் ஆன்டெனாக் கம்பியும் தொலைக்காட்சியின் மின்மாற்றியும் இவற்றிலிருந்தே வந்தன. இதற்கிடையே, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஸ்ரீ மேடான் சுரங்கம் ஜப்பானியர் கைவிட்டுப் போயிருந்தது.