மேட்டுச்சோலை ராஸ்மஸ்

டென்மார்க்கின் முன்கள ஆட்டக்காரர் ராஸ்மஸ் ஹொய்லுன் 2023 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது 20. இத்தாலியின் அட்டலாண்டா கிளப்புக்கு யுனைடெட் கொடுத்த விலை 6.4 கோடி பவுண்டு. ஆட்டம் சோபித்தால் மேற்கொண்டு 80 லட்சம். இவ்வளவு கொடுத்து வாங்கிய பையனின் பெயரை எப்படிச் சொல்வது என்பது அடுத்த சிக்கல். ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்துத் தமிழில் எழுதினால் 'ஹோஜ்லண்ட்' என்றுதான் வரும். டேனியர் காதுக்கு அது வேறு யாரோ ஒருவர். அவர்கள் மொழியில் 'ஜே' எழுத்துக்கு யகர ஒலி. 'ன்'னை அடுத்து வரும் 'ட்' எழுத்தில் இருக்கும், வாயில் இருக்காது. ஆகவே ஹொய்லுன். கடைசி 'ன்'னில் தொண்டை ஒரு கணம் அடைபட்டுத் திறக்கும். அதைக் காட்ட நம்மிடம் எழுத்தில்லை, அவர்களிடமும் இல்லை.

பனியனில் அவர் பெயரின் இரண்டாம் எழுத்து, குறுக்கே கோடு போட்ட வட்டம். ஒகரமும் எகரமும் கலந்த உயிரொலி அது. டேனிய நெடுங்கணக்கின் கடைசி மூன்று எழுத்துகளில் நடுவில் நிற்பது. அந்த ஓரெழுத்தே தனிச் சொல்லாகவும் நிற்கும், பொருள் தீவு. ஆ, கோ, தீ என்று ஓரெழுத்தொருமொழி படித்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை.

பெயரைப் பிரித்தால் ஹொய், லுன் என்று இரண்டு சொற்கள். 'ஹொய்' பெயரடையாக வந்தால் உயர்ந்த என்று பொருள், பெயர்ச்சொல்லாக வந்தால் மேடு. இன்று ஒன்றுபோல ஒலித்தாலும் வந்த வழி வேறு. உயர்ந்த என்பதற்குப் பழைய நார்ஸ் மொழியில் 'ஹார்', மேட்டுக்கு 'ஹௌகர்'. இன்னும் பின்னால் போனால் இரண்டும் ஒரே ஜெர்மானிய வேரில் போய் முட்டுகின்றன. ஊர்ப்பெயர்களில் வரும்போது பெரும்பாலும் மேடுதான், அதிலும் பெரும்பாலும் ஆள் எழுப்பிய மேடு. வெண்கலக் காலத்தில் தலைவர்களைப் புதைத்து மேலே மண்ணைக் குவித்தார்கள். அத்தகைய ஈமமேடுகள் டென்மார்க் வயல்களில் இன்றும் ஆயிரக்கணக்கில் புல் மூடிக் கிடக்கின்றன. ஜட்லண்டில் ஜெல்லிங் என்ற ஊரில் பத்தாம் நூற்றாண்டு அரசர்களின் இரண்டு பெரிய மேடுகளும் எழுத்துப் பொறித்த கற்களும் உள்ளன; 1994இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக்கியது.

மலை என்று எதையும் சொல்ல முடியாத நாட்டில் மேட்டுக்கு மதிப்பு கூடுதலாகத்தானே இருக்கும்? டென்மார்க்கின் மிக உயர்ந்த இயற்கை முகடு மொல்லெஹொய். அதிலும் ஒரு ஹொய், பொருள் ஆலைமேடு. உயரம் 170.86 மீட்டர். 'வான மலை' என்று பெயர் சூட்டப்பட்ட இன்னொரு குன்றுக்கு 147 மீட்டர்தான். டேனியர் இதைச் சொல்லித் தாங்களே சிரித்துக்கொள்வார்கள்.

'லுன்' என்பது சோலை, சிறு மரக்கூட்டம். பழைய வடிவம் 'லுந்தர்'. காட்டுக்கு அவர்களிடம் வேறு சொல் உண்டு. லுன் அதைவிடச் சிறியது, மனிதர் வந்து போகிற இடம். ஜெர்மானியர் சோலைகளையே கோயிலாகக் கொண்டார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. முதல் நூற்றாண்டின் முடிவில் எழுதினார். கோபன்ஹேகனுக்கு மேற்கே டோர்ஸ்லுன்ன என்றொரு கிராமம் இருக்கிறது. இடித்தெய்வம் தோரின் சோலை என்பது பொருள். அது சேர்ந்திருக்கும் நகராட்சியின் பெயர் இஸ்ஹொய். ஹொய்யும் லுன்னும் இப்படி ஒரே அஞ்சல் முகவரியில் கூடுகிற பகுதிக்குப் பக்கத்தில்தான் ப்ரொன்பி கிளப்பின் மைதானம். சிறுவன் ராஸ்மஸ் ஆடிப் பழகிய கிளப்புகளில் அதுவும் ஒன்று.

ஆக, ஹொய்லுன் என்றால் மேட்டுச்சோலை. ஜட்லண்டில் இந்தப் பெயரில் குக்கிராமங்களும் பண்ணைகளும் உண்டு. மதுரைப் பக்கம் சோலைமலை என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு மட்டும்: சோலைமலை சாமி பெயராகி ஆள் பெயரானது, ஹொய்லுன் நிலத்தின் பெயராகவே குடும்பத்துக்கு வந்தது.

வந்த கதை கொஞ்சம் சுவையானது. டேனியருக்குக் குடும்பப்பெயர் என்பது நெடுங்காலம் கிடையாது. நீல்ஸின் மகன் யென்ஸ் என்றால் யென்ஸ் நீல்சன், பேரன் வேறு ஏதோ யென்சன். தகப்பன் பெயரைத் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொண்டே போகும் நம் இனிஷியல் முறைக்கு இது சொந்தக்காரன். 1526இல் மன்னர் முதலாம் பிரெட்ரிக் பிரபுக்களை நிலையான குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார். குடியானவர்களுக்கு அந்தக் கட்டளை வர 1828 ஆயிற்று. ஞானஸ்நானப் பதிவேட்டில் குடும்பப்பெயரும் இருக்க வேண்டும் என்றார்கள். ஜனங்கள் அன்றைக்குக் கையிலிருந்த தகப்பன் பெயரையே உறையவைத்துக் கொடுத்துவிட்டார்கள். நாடே நீல்சன், யென்சன், ஹான்சன் ஆனது. எந்தக் கடிதம் யாருக்கு என்று தெரியாத குழப்பம். 1904இல் இன்னொரு சட்டம் வந்து, 'சன்' பெயரை விட்டு வேறு பெயருக்கு மாறுவதை எளிதாக்கியது. பண்ணைப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் அப்போது பலருக்குக் கைகொடுத்தன.

டென்மார்க் கால்பந்து அணியின் அண்மைக்காலப் பட்டியல்களில் இந்த இரண்டு வகையையும் பார்க்கலாம். எரிக்சன், கிறிஸ்டென்சன், ஆண்டர்சன் ஒரு பக்கம். மறுபக்கம் நிலம்: நோர்கோர் என்றால் வடக்குப் பண்ணை, வெஸ்டர்கோர் மேற்குப் பண்ணை, கேர் சதுப்பு நிலம், ஹொய்பியெர் உயர்ந்த மலை. ஸ்கோவ் ஓல்சனோ இரண்டையும் விடாமல் காட்டையும் தகப்பனையும் சேர்த்தே வைத்திருக்கிறார்.

நடுப்பெயர் வின்தர், அது தாய்வழி. தாயின் குடும்பப்பெயரை நடுவில் வைப்பது டேனிய வழக்கம். பொருள் குளிர்காலம்தான், எழுத்து மட்டும் பழங்காலத்தது. 2003 பிப்ரவரி 4இல் பிறந்தவருக்குப் பொருந்தத்தான் செய்கிறது. தந்தை கால்பந்து ஆடியவர், தாய் குறுந்தூர ஓட்டக்காரி. இரட்டைத் தம்பியர் ஆஸ்கரும் எமிலும் தொழில்முறைக் கால்பந்துக்கே வந்தார்கள். வரிசையில் முதலில் நிற்கும் பெயரை நான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அதிகம் அலைந்தது அதுதான்.

ராஸ்மஸ் என்பது எராஸ்மஸின் குறுக்கம். கிரேக்கத்தில் 'எராஸ்மியோஸ்' என்றால் அன்புக்குரிய. ரோட்டர்டாம் அறிஞர் எராஸ்மஸ் போதாதென்று முன்னால் டெசிடேரியஸ் என்றும் சேர்த்துக்கொண்டார். லத்தீனில் அதற்கும் விரும்பப்பட்ட என்றே பொருள், அன்புக்குமேல் அன்பு. டேனியர் முதல் உயிரை உதிர்த்துவிட்டார்கள். தொல்காப்பியத்தின்படி நம்மிடம் ரகரம் மொழிமுதலில் வராது. ராமன் இராமன் ஆவான், ரங்கன் அரங்கன் ஆவான். பழைய தமிழாசிரியர் ஒருவர் இந்த ஆட்டக்காரரை 'இராசுமசு' என்று எழுதினால் சிரிக்கவேண்டாம். டேனியர் தொலைத்த உயிரை, வேறொன்றாக இருந்தாலும், அவர் அதே இடத்தில் வைத்துவிடுகிறார்.

ராஸ்மஸின் மகன் ராஸ்முசன். அந்தப் பெயர் எவ்வளவு மலிந்தது என்றால், 1993 முதல் 2011 வரை டென்மார்க்கின் பிரதமர்களாக அடுத்தடுத்து இருந்த மூவருமே ராஸ்முசன்கள், ஒருவருக்கொருவர் உறவில்லை. ஆனால் பெயருக்குப் பெருமை தேடித்தந்தவர் மொழியியலாளர் ராஸ்மஸ் ராஸ்க், 1787இல் பியூன் தீவில் பிறந்தவர். ஜெர்மானிய மொழிகளின் மெய்யெழுத்துகள் கிரேக்க, லத்தீன் மெய்களோடு ஒழுங்காக ஒத்துப்போவதை 1818இல் வெளியான நூலில் காட்டினார்; பின்னர் அது யாக்கோப் கிரிம்மின் பெயரால் விதியாயிற்று. ரஷ்யா, பாரசீகம் வழியாக இந்தியா வந்து, கொழும்புக்கும் போய், சிங்கள எழுத்துமுறை பற்றி டேனிய மொழியில் எழுதி 1821இல் அங்கேயே அச்சிட்டார். இந்திய மொழிகளின் ஒலிகளை ஐரோப்பிய எழுத்தில் காட்டுவது எப்படி என்றும் ஒரு கட்டுரை எழுதினார். தரங்கம்பாடியில் டேனியக் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு ராஸ்மஸ் நம் பக்கத்து ஒலிகளோடு மல்லுக்கட்டினார். இன்னொரு ராஸ்மஸின் பெயரை நாம் எழுதத் தடுமாறுகிறோம். கணக்கு நேர்.

டேனிய வீடுகளில் 'ராஸ்மஸ் மோத்ஸட்' என்றொரு வழக்கு உண்டு. எதைச் சொன்னாலும் நேர் எதிராகச் செய்கிற எடக்கன் என்று பொருள். மான்செஸ்டரில் ஹொய்லுன் ஆடிய இரண்டு பருவங்களைப் பார்த்தால் இந்த வழக்கு நினைவுக்கு வராமல் போகாது. வந்த ஆண்டு ஐரோப்பாவின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் ஆறு குழு ஆட்டங்களில் ஐந்து கோல் போட்டார். அணியோ குழுவில் கடைசி. அந்த ஐந்தில் இரண்டு கோல், தான் வளர்ந்த எஃப்சி கோபன்ஹேகனுக்கு எதிராக, அதன் பார்க்கன் மைதானத்திலேயே. ஆட்டம் 4–3 என்று கோபன்ஹேகன் பக்கம் போனது. உள்நாட்டு லீகில் முதல் கோலுக்கு டிசம்பர் 26 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆஸ்டன் வில்லாவிடம் 0–2 என்று பின்தங்கிய ஆட்டத்தை 3–2 ஆக்கிய கோல் அது. அடைப்பு திறந்ததும் வெள்ளம்: தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் கோல். 21 வயதும் 14 நாளும் ஆகியிருந்த அவர்தான் பிரீமியர் லீகில் அதைச் செய்த மிக இளையவர்.

அடுத்த பருவத்தில் மறுபடி வறட்சி. 21 ஆட்டம் கோலே இல்லை. 2025 மார்ச் 16இல் லெஸ்டருக்கு எதிராக அது முறிந்தது. நான்கு நாள் கழித்து அதே பார்க்கனில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, போர்ச்சுகலுக்கு எதிரான ஒரே கோலைப் போட்டு, ரொனால்டோவின் துள்ளல் கொண்டாட்டத்தை ரொனால்டோ முன்னாலேயே செய்து காட்டினார். சிறுவயதிலிருந்து தன் ஆதர்சம் அவர்தான் என்று விளக்கமும் சொன்னார். மே மாதம் பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதி. அவர் தலையால் முட்டிய பந்தை டோட்டன்ஹாமின் வான் டி வென் கோல்கோட்டில் அந்தரத்தில் பாய்ந்து உதைத்து வெளியேற்றினார். யுனைடெட் 0–1 என்று தோற்றது. என் கணிப்பு, பையனிடம் குறை குறைவு. பந்தை அவர் ஓடும் திசைக்குக் கொடுக்க ஆளில்லாத அணியில் அவரை நிறுத்தி வைத்தார்கள்.

அவர் ஆடிய கிளப்புகளின் பெயர்களும் சும்மா இல்லை. 2022 ஜனவரியில் சேர்ந்த ஆஸ்திரிய கிளப் ஸ்டர்ம் கிராட்ஸ். 'ஸ்டர்ம்' ஜெர்மனில் புயல். கால்பந்துப் பேச்சில் முன்களத்துக்கும் அதே சொல். கிராட்ஸ், ஸ்லாவிய மொழியில் சிறு கோட்டை. அங்கிருந்து அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்காமோ நகரின் அட்டலாண்டா. ஓட்டத்தில் ஆண்களைத் தோற்கடித்த கிரேக்கப் புராணக் கன்னியின் பெயர். சொல்லுக்கு 'நிகரான எடை' என்று பொருள். ஓட்டக்காரியின் மகனுக்கு ஏற்ற இடம்தான். ஒரே பருவத்தில் லீகில் 9 கோல். அந்த மார்ச்சில் பின்லாந்துக்கு எதிராக டென்மார்க்குக்காக மூன்று கோல் அடித்ததும் பெரிய கிளப்புகள் திரும்பிப் பார்த்தன. மான்செஸ்டரின் ரோமானியப் பெயர் மாமூக்கியம். முலை வடிவக் குன்று என்று பலர் பொருள் சொல்வார்கள், ஆறு ஒன்றின் தாய்த்தெய்வம் என்போரும் உண்டு. முன்னது சரியென்றால் மேட்டுக்காரர் இன்னொரு மேட்டுக்குத்தான் போனார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே டேனியர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியபோது தங்கள் சோலைகளையும் கொண்டுபோனார்கள். யார்க்ஷயரில் லண்ட் என்ற கிராமம் அப்படி வந்ததே.

2025 செப்டம்பரில் அவர் நேப்பிள்ஸ் நகரின் நாப்போலி கிளப்புக்குப் போனார். விற்பனை அல்ல, கடன். நாப்போலி அடுத்த சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றால் வாங்கியே தீரவேண்டும் என்ற நிபந்தனையோடு. பெயரின் பார்வையில் பார்த்தால் கடன் முன்பே எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. எராஸ்மஸ் என்ற புனிதர் நேப்பிள்ஸுக்கும் ரோமுக்கும் இடையே கடலோரத்தில் உள்ள போர்மியாவின் ஆயர். சுமார் 303இல் கொல்லப்பட்டவர் என்பது மரபு. இடி விழுந்தும் பிரசங்கத்தை நிறுத்தாதவர் என்பார்கள். அதனால் மாலுமிகள் அவரைக் காவலராக்கிக்கொண்டார்கள். புயலில் பாய்மர உச்சியில் தோன்றும் நீலச் சுடருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 842இல் போர்மியா சூறையாடப்பட்டபின் அவருடைய எச்சங்கள் பக்கத்து ஊரான கயேட்டாவுக்குப் போயின. பெயர் மட்டும் வடக்கே நடந்து டென்மார்க் சேர்ந்தது.

பெயர் தங்கிய தெற்கில் அது வேறு விதமாகத் தேய்ந்தது. நேப்பிள்ஸ் நகருக்கு மேலே வொமெரோ குன்றில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில், ஆறுமுனை நட்சத்திர வடிவில் ஒரு கோட்டை நிற்கிறது. சாந்த் எல்மோ என்று அதற்குப் பெயர். அந்த இடத்தில் பத்தாம் நூற்றாண்டில் புனித எராஸ்மோவுக்கு ஒரு சிற்றாலயம் இருந்தது. எராஸ்மோ மக்கள் வாயில் எர்மோ ஆகி, ரகரம் லகரமாகி எல்மோ ஆயிற்று. டேனியர் தலையை வெட்டினார்கள், நேப்பிள்ஸ்காரர்கள் நடுவைத் தின்றார்கள். ராஸ்மஸும் எல்மோவும் ஒட்டுறவே இல்லாதவை போலத் தோன்றுவது அதனால்தான்.

செப்டம்பர் 13இல் பியோரென்டினாவுக்கு எதிராக நாப்போலிக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஹொய்லுன் கோல் போட்டார். அக்டோபர் 1இல் சொந்த மைதானத்தில் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங்கை நாப்போலி 2–1 என்று வென்றபோது இரண்டு கோலும் அவருடையவை. இரண்டுக்கும் பந்தை எடுத்துக் கொடுத்தவர் அணித்தோழர் டி புருய்ன. மான்செஸ்டர் யுனைடெட்டில் கிடைக்காத ஆள் அப்படி ஒருவர்தான்.