தலைவிதியும் தொழில்விதியும்

ஆலை யந்திரத்திலே சிக்கி விரலிழந்த ஒருவனைக் கண்டால், "பாவம், அவன் விதி!" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போவது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். விதி என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருளுண்டு. ஒன்று, மாற்றவே முடியாதது எனப்படும் தலைவிதி. மற்றொன்று, மனிதனே எழுதி மனிதனே திருத்தும் சட்டவிதி. தொழிலிடங்களில் நேர்ந்த பெருஞ் சாவுகளின் வரலாற்றைப் பார்த்தால், தலைவிதியின்மேற் சுமத்திய பழியெல்லாம் சட்டவிதியின் குறையாகவோ, அதனைக் கவனியாத மனிதரின் குறையாகவோ இருப்பது விளங்கும். எழுதிய விதியைக் காலந்தோறும் எடுத்து ஆராய்ந்து திருத்தாவிடின், அதுவும் தலைவிதியைப் போலவே குருடாகிவிடும். இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை.

1978-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் பிற்பகல், சிங்கப்பூர் ஜூரோங் கப்பற் பட்டறையில் 'ஸ்பைரோஸ்' என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. பகலுணவு முடித்துத் தொழிலாளர் வேலைக்குத் திரும்பிச் சிறிது நேரமே ஆகியிருந்தது. இரும்பை வெட்டும் தீக்கருவியின் அனல், பின்புறத்து எரிபொருள் தொட்டியில் தங்கியிருந்த ஆவியைப் பற்றிற்று. தொட்டி வெடித்தது, எரியும் எண்ணெய் அடுத்திருந்த யந்திர அறைக்குட் பாய்ந்தது. 76 பேர் மாண்டனர். 69 பேர் காயமுற்றனர்.

விசாரணையில் வெளிப்பட்ட காரணம் யாது? கப்பலை ஓட்டுதற்குரிய எரிபொருள் எண்ணெய் எளிதில் ஆவியாவதன்று. அத்தொட்டியிலோ அதனோடு கச்சா எண்ணெய் கலந்திருந்தது. கச்சா எண்ணெயிலிருந்து எழும் ஆவி விரைவில் தீப்பற்றக் கூடியது. தொட்டியின் பெயர் மாறவில்லை. உள்ளிருந்த பொருள் மாறிவிட்டது. அக்காலத்திற் சட்டமே இல்லையோவெனின், இருந்தது. தொழிற்சாலைச் சட்டம் 1973-லேயே இயற்றப்பட்டுவிட்டது. ஆனால் ஏட்டிலுள்ள சட்டம் தொட்டிக்குள் இறங்கிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் மனிதன்தான் சோதித்துப் பார்க்கவேண்டும்.

இனி, மலேசியாவைப் பார்ப்போம். 1991-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், சிலாங்கூர் சுங்கை பூலோவிலிருந்த பட்டாசுத் தொழிற்சாலையொன்று வெடித்துச் சிதறியது. 26 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். அக்கம்பக்கத்து வீடுகளும் சேதமுற்றன. அங்கும் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, யந்திரச் சட்டம் நடைமுறையில் இருந்துகொண்டுதான் இருந்தது.

பழைய சட்டங்களின் குணம் இன்னதென நாம் அறிதல் வேண்டும். இந்தச் சக்கரத்துக்கு வேலி, அந்தக் கொதிகலனுக்குச் சோதனை என்று, அறிந்த அபாயங்களை ஒவ்வொன்றாக அவை எண்ணிச் சொல்லும். எண்ணப்படாத அபாயம் வந்தால் அவை வாய் திறவா. இக்குறையை இங்கிலாந்தில் எடுத்துக் காட்டியது, ராபன்ஸ் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு. 1972-இல் வெளிவந்த அதன் அறிக்கை, விபத்துகளுக்குத் தலையாய காரணம் மனிதரின் அசட்டையே என்று கூறிற்று. அபாயத்தை உண்டாக்குவோரும் அதனோடு உழைப்போரும் தாமே அதனை முன்கூட்டி ஆராய்ந்து நீக்கும் பொறுப்பை ஏற்கவேண்டும் என்பது அதன் கொள்கை. 1974-இல் இங்கிலாந்திலும், 1994-இல் மலேசியாவிலும் இக்கொள்கையைத் தழுவிய சட்டங்கள் பிறந்தன.

1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோட்டத்து மக்களுக்கு விளைந்த நன்மை பெரிது. முந்திய சட்டம் தொழிற்சாலையையும் யந்திரத்தையுமே முதன்மையாகக் கருதியது. புதிய சட்டமோ விவசாயத்தையும் தன் எல்லைக்குட் கொண்டுவந்தது. தோளில் தோம்பைச் சுமந்து காட்டில் மருந்தடித்தவர்களுள் நம் பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் அடித்த பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, மாற்று மருந்தே இல்லாத நஞ்சு. மலேசியா 2002-இல் அதனை விலக்க முற்பட்டு, 2006-இல் தடையைத் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதலே முற்றும் தடை செய்தது. நஞ்சென்று அறிந்த பின்னும் விதியைத் திருத்தி முடிக்கப் பதினெட்டு ஆண்டுகள்!

சிங்கப்பூரிலோ மற்றொரு பாடம் காத்திருந்தது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், நிக்கல் நெடுஞ்சாலையருகே ரயில் சுரங்கத்துக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழம் தோண்டிய பள்ளத்தின் தாங்குசுவர் இடிந்து நால்வர் மாண்டனர். சுவரைத் தாங்கிய இரும்பு உத்தரங்களின் இணைப்புகள் போதிய வலுவின்றி வகுக்கப்பட்டிருந்தன. சுவர் அளவுக்கு மீறி அசைவதை அளவுகருவிகள் முன்பே காட்டியிருந்தன. இடிந்த நாளன்று காலையிலேயே இரும்பு முறுகும் ஓசையும் கேட்டது. எச்சரிக்கை இல்லாமலில்லை, அதைக் கேட்டு வேலையை நிறுத்துவார்தாம் இல்லை. அவ்வாண்டில் ஒரு லட்சம் தொழிலாளருக்கு 4.9 பேர் வீதம் வேலையில் உயிரிழந்தனர். 2006-இல் புதிய பாதுகாப்புச் சட்டம் வந்தது; வேலை தொடங்குமுன் அபாயத்தை ஆராய்வது கடமையாயிற்று. 2011-இல் அச்சட்டம் எல்லாத் தொழிலிடங்களுக்கும் விரிந்தது. 2023-இல் சாவு வீதம் 0.99 ஆகக் குறைந்தது. தலைவிதியாயின் இவ்வாறு குறையுமோ?

எனினும் நாம் களித்துக் கண்ணயரலாகாது. சிங்கப்பூரில் 2022-இல் 46 பேர் வேலையில் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் மறு ஆண்டு மே வரை அரசாங்கம் சிறப்புக் கண்காணிப்பு நடத்தியது. 2023-இல் தொகை 36 ஆயிற்று. 2024-இலோ மீண்டும் 43! கண்காணிப்புத் தளர்ந்தால் அபாயம் தலைதூக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கே தொழிலாளருக்கும் ஒரு பங்குண்டு. மலேசியாவில் 2022-இல் திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. 1967-ஆம் ஆண்டுச் சட்டமும் அன்றே நீக்கப்பட்டது. உடனடி அபாயம் இருப்பதாக நம்புதற்குத் தக்க காரணமிருந்து, முதலாளி அதனை நீக்காவிடின், தொழிலாளி அவ்விடத்தினின்று விலகிக்கொள்ளலாம் என்னும் உரிமையை அச்சட்டம் தந்துள்ளது. நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யுமிடத்தில் பாதுகாப்புக் குழு இருத்தல் வேண்டும் என்பதும் விதி. அக்குழுவில் நம்மவர் வாய்மூடி அமர்ந்திருந்தால் உரிமை ஏட்டுச் சுரைக்காயே.

புதிய யந்திரம் வந்ததா? புதிய மருந்து வந்ததா? வேலையின் வேகம் கூடிற்றா? மொழி தெரியாத புதியவர் பக்கத்தில் வந்து நின்றாரா? இவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் பழைய விதியை எடுத்துப் பார்க்கும் நாள் வந்துவிட்டதென்று பொருள். கை நழுவித் தப்பிய சிறு விபத்தையும் சொல்லவேண்டும். நாளைய பெரு விபத்தின் முன்னறிவிப்பு அதுவாகவே இருக்கலாம். ஜூரோங்கிலும் சுங்கை பூலோவிலும் மாண்டவர்களுக்கு நாம் செலுத்தத் தக்க கடன், அவர்தம் விதியை நொந்து கண்ணீர் விடுவதன்று. நமது விதிகளை இன்றே ஆராய்ந்து, நாளைச் சாவைத் தடுப்பதே அக்கடன்.