மலைக்கு டென்ட் வாங்கப் போறீங்களா? எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க!

அனுமந்தன்பட்டியில் நின்றால் கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லை மலைகள். இடையில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பேய்த்தனமாக வீசும். இந்தப் பக்க மலைகளுக்கு டென்ட் வாங்குவோர் முதலில் யோசிக்க வேண்டியது இந்தக் காற்றைத்தான்.

இரண்டு பேர் படுக்கும் டென்ட் 2 கிலோவுக்குள் இருந்தால் சுமப்பது சுலபம். ஆனால் எடை குறைவு என்று வாங்கி, ராத்திரி கம்பி முறிந்தால் என்ன செய்வது? விலை குறைந்த டென்ட்டுகளில் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ் கம்பிதான், அது பிளந்துவிடும். அலுமினியக் கம்பி எடையும் குறைவு, வளைந்தாலும் ஓரளவு நிமிர்த்திக்கலாம். கம்பிகள் ஒன்றையொன்று அதிக இடங்களில் குறுக்காகக் கடந்தால் டென்ட் அசையாது. குறுகலான பக்கத்தைக் காற்றுக்கு எதிரே வைத்து, இழுகயிறுகளை எல்லாம் கட்டணும். பலரும் அந்தக் கயிறுகளைப் பையிலேயே விட்டுடுறாங்க!

மழைக்கு, மேல்துணியின் நீர் தாங்கும் அளவு 1,500 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தரைத்துணிக்கு 3,000 இருந்தால் நல்லது. இரட்டை அடுக்கு டென்ட் என்றால் மூச்சுக்காற்றின் ஈரம் மேலே சொட்டாது. பனிமலைக்கான கனமான டென்ட் இங்கே வீண் செலவு.

எந்த டென்ட்டும் தீயைத் தாங்காது. நைலான் உருகி உடம்பில் ஒட்டும். உள்ளே அடுப்பு மூட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

இதே தேனி மாவட்டத்தில், 2018 மார்ச் 11-ல் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே டென்ட் போட்டால் வழக்குதான்.