சிடெரோஃபோர்

பாக்டீரியா, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் இரும்பைக் கைப்பற்றுவதற்காகச் சுரந்து வெளியே விடும் சிறு மூலக்கூறு. இது இரும்பைக் கவ்விக்கொண்டதும், உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்புப் புரதம் இரண்டையும் சேர்த்து உள்ளே வாங்கிக்கொள்கிறது.

இரும்புக்குப் பூமியில் பஞ்சமில்லை. சேலத்துக் கஞ்சமலையே காந்த இரும்புத் தாது நிறைந்த மலை. ஆனால் ஆக்சிஜன் கலந்த நீரில் இரும்பு துருவாகிக் கரையாமல் படிந்துவிடும். நடுக்கடலின் மேல்நீரில் லிட்டருக்கு 50 நானோகிராம்கூடப் பல இடங்களில் தேறாது.

இரும்பை மறைத்துவைத்தே கிருமியைத் தடுக்கலாம் என்பதைக் காட்டியது கோழிமுட்டை. வெள்ளைக்கருவில் பாக்டீரியா வளராமல் போவதற்கு அதிலுள்ள ஒரு பொருள் இரும்பைப் பிடித்துவைப்பதே காரணம் என்று 1944இல் ஆர்தர் ஷேடும் லியோனா கரோலினும் கண்டனர். இரும்பு சேர்த்ததும் கிருமிகள் வளர்ந்தன. நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரி ஏறும் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இந்தக் காவல் உண்டு. அதை மீற முயலும் சால்மொனெல்லாவின் கருவி எண்டெரோபாக்டின். 1970இல் பிரித்தெடுக்கப்பட்ட இது, அறியப்பட்டவற்றுள் மிக வலிய சிடெரோஃபோர்களில் ஒன்று. அதற்கு முன்பே, 1952இல், ஜே. பி. நீலண்ட்ஸ் கரிப்பூட்டை நோய்ப் பூஞ்சையிலிருந்து ஃபெரிக்ரோம் என்ற சிடெரோஃபோரைப் பிரித்திருந்தார். சிடெரோஃபோர் என்ற பெயர் 1973இல் வந்தது. 1987இல் நீலண்ட்ஸும் ஷ்வினும் உருவாக்கிய நீலச்சாய ஊடகம் ஆய்வை எளிதாக்கியது: சிடெரோஃபோர் சுரக்கும் பாக்டீரியாவைச் சுற்றி ஆரஞ்சு வளையம் தெரியும்.

கடல் பாக்டீரியாக்களின் முறை தாமதமாகவே வந்தது. 1993இல் ஆல்டெரோபாக்டின் விவரிக்கப்பட்டது. 2000இல் அலிசன் பட்லர் குழுவினர் மரினோபாக்டின், அக்வாகெலின் குடும்பங்களை அறிவித்தனர். இவற்றின் தலை இரும்பைப் பிடிக்கும். வாலோ கொழுப்பு அமிலம். கடலில் விட்ட மூலக்கூறு அலையோடு போய்விடாமல் உயிரணுச் சவ்வில் ஒட்டிக்கொள்ள அந்த வால் உதவுகிறது என்பது ஏற்கத்தக்க விளக்கம். இரும்பைச் சுமக்கும் அக்வாகெலின்மீது வெயில் பட்டால் மூலக்கூறு உடைகிறது. இரும்பும் எளிதில் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. ஒரு உயிர் சுரந்ததன் பலன் அக்கம்பக்கத்து உயிர்களுக்கும் கிடைக்கலாம்.

சேலத்துத் தாதுவை உருக்க ஜோசையா ஹீத் 1830களில் ஆலை அமைத்த பரங்கிப்பேட்டையில்தான் இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமான ஊர்.

நிலத்தில் இதே உத்தியைக் கையாளும் சூடோமோனாஸ் பாக்டீரியாவைச் சேலம், நாமக்கல் விவசாயிகள் நன்கு அறிவர். மஞ்சள் விதைக்கிழங்கை நடுவதற்கு முன் அதில் நேர்த்தி செய்வது கிழங்கு அழுகலுக்கு எதிரான பழகிய முறை. வேர்ப்பகுதி இரும்பை அது வளைத்துக்கொள்வதால் நோய்ப் பூஞ்சைக்குக் கிடைப்பது குறைகிறது என்று 1980இல் க்ளோப்பர் குழுவினர் விளக்கினர். ஆனால் பலன் முழுவதையும் சிடெரோஃபோர் கணக்கில் எழுதுவது மிகை. சூடோமோனாஸ் நுண்ணுயிர்க்கொல்லிகளையும் சுரக்கிறது, பயிரின் எதிர்ப்புத்திறனையும் தூண்டுகிறது. கரைந்த இரும்பு தாராளமாக உள்ள மண்ணில் அது சிடெரோஃபோர் சுரப்பதையே குறைத்துக்கொள்ளும்.