தோணியும் தைலமும்

திருவனந்தபுரம் சென்று திரும்பும் உறவினரிடம் நம்மவர் சொல்லி வாங்கும் பொருள்களில் நேந்திரங்காய் வறுவலுக்கு அடுத்த இடம் தைலத்திற்கு உண்டு. முழங்கால் வலிக்கு ஒரு குப்பி, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு குப்பி, சுளுக்கிற்கு ஒரு குப்பி எனத் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவிற்கும் அவை பயணம் செய்கின்றன. ஆனால் அந்தக் குப்பி தன் ஊரில் தனியாக வாழ்ந்ததன்று. மரத்தால் குடைந்த தோணி, துளையிட்ட தாரைக்கலம், துணிக்கிழி, இவற்றையெல்லாம் இன்னாருக்கு இன்னது என்று தேர்ந்தெடுத்த வைத்தியர், பழகிய ஒரு கை, இத்தனையும் சூழ இருந்தே அது பயன்பட்டது. குப்பி மட்டும் ஊர் கடந்து வந்தது. அதனோடு வந்திருக்க வேண்டிய விதிகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிட்டன. அவ்விதிகள் எவை, எங்கிருந்து எழுந்தன என்பதை ஈண்டு காண்போம்.

இக்கலை நமக்கு அயலானது என்று கருதுவோர் முதலில் சொற்களைக் கேட்க வேண்டும். நோயாளியைக் கிடத்தும் பலகைக்குத் தோணி என்று பெயர். மருந்தைப் பொதிந்து ஒற்றடமிடும் துணி மூட்டை கிழி. தருமிக்குக் கிடைத்த பொற்கிழியும் இதே கிழிதான். சூடான தைலத்தைத் துணியில் தோய்த்து உடல்மேல் பிழிந்து ஒழுகவிடுவது பிழிச்சில். பேறுகாலத்தில் இலைகளை இட்டுக் காய்ச்சிய நீரில் குளிப்பாட்டுவதை அங்கே வேதுகுளி என்பர். நாமும் வேது பிடிக்கிறோம். எண்ணெய் என்ற சொல் எள்ளின் நெய் என்பதன் புணர்ச்சி. தைலம் என்ற வடசொல்லும் எள்ளைக் குறிக்கும் திலம் என்பதிலிருந்தே பிறந்தது. ஆக, உடம்பிற்கு இடும் எண்ணெய் என்றால் முதற்கண் நல்லெண்ணெயே என்பதை இருமொழிச் சொற்களும் தம் பிறப்பிலேயே சொல்லிவிடுகின்றன.

திருவனந்தபுரம் இக்கலைக்கு ஒரு சந்திப்பிடமாக அமைந்ததற்கு நில இயல்பும் அரசியலும் காரணம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை உருவாக்கினார். தமிழ் வணிகர் பலர் அங்கே குடியேறினர். இன்றும் அத்தெருவில் தமிழ் ஒலிக்கிறது. சுக்கும் வசம்பும் தேவதாருவும் விற்கும் மருந்துச் சரக்குக் கடைகளும் அங்கே உள்ளன. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1889ஆம் ஆண்டில், நகரில் ஆயுர்வேதப் பாடசாலை தொடங்கப்பட்டது. இன்றைய அரசினர் ஆயுர்வேதக் கல்லூரியின் மூலம் அதுவே. இஃது ஏட்டுக் கல்வியின் வழி.

மற்றொரு வழி களரியின் வழி. அதிலும் இரு கிளைகள் உண்டு. வடமலபாரில் வளர்ந்த களரி சுசுருதர் எண்ணிக் கூறிய 107 மர்மங்களை ஆதாரமாகக் கொண்டது. தென் திருவிதாங்கூரில், அதாவது நெய்யாற்றின்கரை தொடங்கிக் குமரிமுனை வரையில், ஆசான்மார் வழங்கி வந்த அடிமுறையோ 108 வர்மங்களைக் கூறியது: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. இவ்வர்மச் சுவடிகள் தமிழில் எழுதப்பட்டவை. அகத்தியர் பெயரால் வழங்குபவை. அடிபட்டவனைத் தேற்றும் அடங்கல் முறையும், எண்ணெயிட்டு நீவும் தடவு முறைகளும் இச்சுவடிகளில் அடங்கும். அடிக்கத் தெரிந்தவனுக்கே ஆற்றவும் தெரிய வேண்டும் என்பது இரு கிளைகளுக்கும் பொது.

1956 நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் சென்னை இராஜ்யத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. வர்மச் சுவடிகளின் தாயகம் எல்லைக்கு இப்பால் வந்தது. அதே 1956ஆம் ஆண்டில்தான் வடக்குக் களரி திருவனந்தபுரத்தில் ஊன்றியது. கோட்டக்கல் கணாரன் குருக்களிடம் பயின்று, மறைந்து கொண்டிருந்த களரிக்குப் புத்துயிர் தந்த சி. வி. நாராயணன் நாயர் 1944இல் மறைந்தார். அவருடைய மைந்தர் கோவிந்தன்குட்டி நாயர் கிழக்குக் கோட்டையில் சி. வி. என். களரியைக் கட்டினார். நிலத்தைத் தோண்டி அமைத்த குழிக்களரி அது. அங்கே பயிற்சியோடு உழிச்சிலும் வைத்தியமும் நடந்து வருகின்றன. தெற்கின் முறை அரசியல் எல்லையால் ஒருபுறம் பிரிந்த ஆண்டிலேயே வடக்கின் முறை நகருக்குள் வந்தது தற்செயல்தான். எனினும் பின்னாளில் உலகம் அறிந்தது வடக்கின் முறையையே. தமிழ்ச் சுவடிகளின் முறை குமரி மாவட்டத்து ஆசான்மார் வீடுகளில் ஒதுங்கியது. நம் முன்னோர் மொழியில் உள்ள ஒரு நூற்செல்வத்தை நாமே அறியாதிருப்பதற்கு இது ஒரு காரணம் போலும்.

நிற்க. கருவிகளுக்கு வருவோம். தோணி என்பது பெயருக்கேற்ப ஓடம் போன்றதே. ஆளின் உயரத்திற்கு மேற்பட்ட நீளமுள்ள ஒற்றை மரத்தில் குடையப்படும். சுற்றிலும் சிறு வரம்பு இருக்கும். வழியும் எண்ணெய் ஒரு பக்கம் ஓடி, துளை வழியே கீழே வைத்த பாத்திரத்தில் விழும்படி சரிவு இருக்கும். கேரள வைத்திய நூல்கள் இதற்குரிய மரங்களைப் பட்டியலிடுகின்றன: தேவதாரு, புன்னை, மகிழ், அசோகு, மா, செண்பகம், வில்வம், வேம்பு முதலியன. மரத்தின் குணம் எண்ணெய் வழியே உடலுக்கு ஏறும் என்பது வைத்தியர்களின் நம்பிக்கை. பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டவர்கள் அங்கே உள்ள மூலிகைக் கட்டிலை மறந்திருக்க மாட்டார்கள். 64 வகை மருந்து மரங்களால் ஆனது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது தோணி அன்று, அரசர் கட்டில். எனினும் மரத்தைப் பற்றிய அதே நம்பிக்கையின் பிள்ளை.

நம்பிக்கை ஒருபுறம் இருக்க, ஒற்றை மரம் என்ற விதிக்குத் தெளிவான பயன் ஒன்று உண்டு. பலகைகளைப் பொருத்திச் செய்தால் இணைப்புகளில் எண்ணெய் இறங்கிச் சிக்குப் பிடித்து நாறும், கழுவ இயலாது. ஒற்றை மரத்தில் அழுக்கு ஒளிய இடமில்லை. இன்று பல நிலையங்களில் கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்கில் வார்த்த தோணிகள் வந்துவிட்டன. பழமை விரும்பிகள் முகம் சுளிப்பார்கள். நன்கு கழுவிய பிளாஸ்டிக் தோணி, கழுவாத வேப்பமரத் தோணியைவிட மேலானது என்பதே நம் கருத்து. தோணியைக் காணும்போது எந்த மரம் என்று கேட்பதற்கு முன், சென்ற நோயாளிக்குப் பின் அது கழுவப்பட்டதா என்று கேட்பதே முறை.

தாரைக்கலம் எளிய கருவி. அடியில் ஒரு துளை உடைய பானை. துளையின் மேல் உட்புறமாகத் துளையிட்ட கொட்டாங்கச்சித் துண்டு. அதன் வழியே தொங்கும் ஒரு திரி. எண்ணெய் திரியைப் பற்றிக்கொண்டு இழையாக ஒழுகி, நெற்றிக்குச் சில விரற்கடை மேலிருந்து விழும். திரி இல்லையேல் தாரை சிதறும். உயரம் மிகுந்தால் உறுத்தும். நவரைக் கிழிக்கு வேண்டியது அறுபது நாளில் விளையும் ஞவர நெல்லின் அரிசி. குறுந்தொட்டி வேர்க் கஷாயத்திலும் பாலிலும் அதை வேகவைத்துத் துணியில் பொதிந்து, இளஞ்சூட்டோடு தேய்ப்பார்கள்.

இவ்விடத்தில் பழைய விதியொன்று நம் கவனத்திற்கு உரியது. ஏழு நாள் தாரையோ பிழிச்சிலோ செய்தால் முதல் மூன்று நாளைக்கு ஒரு பங்கு எண்ணெய், அடுத்த மூன்று நாளைக்குப் புதிய பங்கு, ஏழாம் நாள் இரண்டையும் கலந்து முடிப்பது. பாலும் மோருமாயின் நாள்தோறும் மாற்ற வேண்டும். எண்ணெய் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் ஒருவருடைய உடலில் ஒழுகியதை மற்றொருவருக்குப் பயன்படுத்துதல் இவ்விதியில் இல்லை. செலவைக் குறைக்க முயலும் இடங்களில் முதலில் மீறப்படும் விதியும் இதுவே.

இனித் தைலம். ஒரு பங்கு அரைத்த மருந்துக் கற்கம், நான்கு பங்கு எண்ணெய், பதினாறு பங்கு கஷாயமோ பாலோ என்பது பொது அளவு. நீர்ச்சத்து முழுதும் வற்றும்வரை இளந்தீயில் காய்ச்சுவார்கள். கற்கம் மெழுகுபோல் உருளும்போது இறக்கினால் மெழுகுபதம். மணல்போல் உதிரும்போது இறக்கினால் மணல்பதம். மூக்கில் விடுவதற்கு இளம்பதமும் மேற்பூச்சிற்கு முதிர்ந்த பதமும் கொள்வது மரபு. பதம் பார்க்க, கற்கத்தில் சிறிது எடுத்துத் திரிபோல் உருட்டி நெருப்பில் இடுவார்கள். படபடவென்று வெடித்தால் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். நீர் தங்கிய எண்ணெய் விரைவில் கெடும் என்பதை ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிந்த வழி இது. க்ஷீரபலா தைலத்தைக் குறுந்தொட்டியும் பாலும் சேர்த்து 101 முறை திரும்பத் திரும்பக் காய்ச்சும் வழக்கமும் உண்டு. அதற்கு வேண்டிய பொறுமையை எண்ணும்போது, சில துளி அளவில் அது விற்கப்படுவதில் வியப்பில்லை.

எந்த எண்ணெயில் காய்ச்சியது என்பதும் பொருட்டு. தன்வந்தரம் நல்லெண்ணெயில் ஆனது. குறுந்தொட்டி வேரும் பாலும் சேர்ந்தது. வாத நோய்க்கும் பேறுகாலத்திற்கும் பெயர் பெற்றது. கோஷ்டம், சுக்கு, வசம்பு முதலியன சேர்ந்த கொட்டம்சுக்காதி, வீக்கமும் பிடிப்பும் உள்ள மூட்டுகளுக்கு உரியது. முறிவெண்ணெயோ தேங்காயெண்ணெயில் காய்ச்சியது. அடிபட்ட இடத்திற்கு இடுவது. வலிக்கு எல்லாம் ஒன்றே என்று எண்ணி, கையில் அகப்பட்ட குப்பியைத் தடவுவோர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்வது நலம்.

இக்கலைக்கு உரிய பருவம் கர்க்கடக மாதம், நமது ஆடி. மழையால் வயல்வேலை குறைந்த நாள்களில் களரி மாணவரும் கதகளி மாணவரும் எண்ணெயிட்டு உழிச்சிலுக்குக் கிடந்தனர். குருநாதர் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தம் எடையை அளந்து அளந்து பாதத்தால் அழுத்தி நீவுவார். சவிட்டி உழிச்சில் எனும் இம்முறை இளமையான, பயிற்சியால் வணங்கிய உடலுக்கென்று அமைந்தது. கோவளம் கடற்கரைக்கு உலகப் பயணிகள் திரளாக வரத் தொடங்கிய பின் அதே முறை நாற்பது நிமிட இன்பமாக விற்பனைக்கு வந்தது. எலும்பு தேய்ந்த முதியவருக்கு இது தகாது என்பதைச் சொல்ல வைத்தியர் எல்லா இடத்திலும் இருப்பதில்லை.

சட்டம் ஒருவகையில் வைத்தியரின் இடத்தை நிரப்ப முயன்றது. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் 1964இல் திருத்தப்பட்டு, ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளும் அதன் ஆளுகைக்குள் வந்தன. ஆகவே குப்பியின் மேல் உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், சேர்ந்த பொருள்கள் ஆகியன இருக்க வேண்டும். உறவினரிடம் சொல்லி அனுப்பும்போது தைலத்தின் பெயரோடு இவற்றையும் பார்த்து வாங்கச் சொல்ல வேண்டும். மணமூட்டிய கனிம எண்ணெயும் மசாஜ் எண்ணெய் என்ற பெயரில் விற்கிறது. அது வழுக்கும், அவ்வளவே.

எண்ணெயிடலாகாத வேளைகளை வாக்பட்டர் முன்பே வரையறுத்தார்: கபம் மிகுந்தபோது, அஜீரணத்தின்போது, பேதி முதலிய சுத்தி செய்துகொண்ட உடனே. இன்றைய மருத்துவ அறிவு இன்னும் சிலவற்றைச் சேர்க்கிறது. ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் அதை நீவலாகாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எலும்பு முறிந்ததோ என்ற ஐயம் இருந்தால் அழுத்துதல் தீங்கு. நீரிழிவால் பாதம் மரத்துப் போனவருக்குக் கிழியின் சூடு தெரியாது. கொப்புளம் கண்ட பின்தான் தெரியவரும். கருவுற்ற பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும் வைத்தியர் சொல்லாத தைலம் வேண்டாம். புதிய தைலமாயின் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பார்த்து, தடிப்போ அரிப்போ இல்லையென்று கண்ட பின் பயன்படுத்தலாம்.

மாடிக் குடியிருப்பில் வாழும் நமக்குத் தோணி ஏது? தரையில் பாயும் அதன்மேல் பழைய வேட்டியும் போதும். முதியவரை எண்ணெய்க் காலோடு பளிங்குத் தரையில் நடக்கவிடாமல், பாதத்தைத் துடைத்தே குளியலறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எண்ணெயை நேரே அடுப்பில் ஏற்றலாகாது. கிண்ணத்தில் ஊற்றி வெந்நீரில் நிறுத்திச் சூடேற்றி, புறங்கையில் தொட்டுப் பார்த்தே இட வேண்டும். தேய்த்தபின் பச்சைப்பயற்று மாவு கொண்டு கழுவுவது சீயக்காயைவிடத் தோலுக்கு மென்மையானது. கேரளத்தார் இஞ்ச என்னும் கொடியின் நார்ப்பட்டையைக் கொண்டு தேய்ப்பர். தில்லியின் மார்கழிக் குளிரில் முறிவெண்ணெய் குப்பிக்குள் உறைந்து வெண்மையாகிவிடும். கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிட வேண்டா. தேங்காயெண்ணெயின் இயல்பு அது. கால் மணி நேரம் வெந்நீரில் நிறுத்தினால் உருகித் தெளிந்துவிடும்.