உப்புத் தூவிய கை

லேசர் 3டி பிரிண்டிங் என்றதும் கார்ல் டெக்கார்டு பெயரைத்தான் எல்லாரும் சொல்வார்கள். 1980களில் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், ஜோ பீமனின் மாணவராக இருந்தபோது, பிளாஸ்டிக் தூளை உப்புத் தூவுவதுபோலக் கையால் தூவி, அடுக்கடுக்காக லேசரால் ஒட்டவைத்தவர்.

ஒருநாள் பழைய காப்புரிமைகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது, 1979 டிசம்பரில் ராஸ் ஹவ்ஸ்ஹோல்டர் விண்ணப்பித்த ஒன்று கண்ணில் பட்டது. தலைப்பு வெறுமனே 'வார்ப்பு முறை'. படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. தூள், அடுக்கு, லேசர், எல்லாமே அதில் இருக்கு! சந்தைக்குத்தான் வரவில்லை.

அதற்காக டெக்கார்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஐடியாவை மட்டும் எழுதிவைத்த கோப்புகள் என்னிடமும் நிறைய கிடக்கு. தூள் சமமாகப் பரவாது, சூட்டில் பொருள் வளையும் என்பதெல்லாம் செய்துபார்த்தால்தான் தெரியும்.

உலோகம் இன்னும் அடம்பிடித்தது. சீக்கிரம் உருகும் உலோகத்தைப் பசைபோலக் கலந்து ஒட்டினால் உள்ளே நுண்துளைகள். துகள்களை முழுசாக உருக்கும் முறைக்கு, ஜெர்மனியின் ஆகன் நகர ஃபிராவுன்ஹோஃபர் ஆய்வாளர்கள் 1996இல் காப்புரிமை கோரினார்கள். 2016இல் பயணிகள் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினில், முன்பு சுமார் 20 துண்டுகளாக இருந்த எரிபொருள் முனை ஒரே துண்டாக அச்சாகிறது.

ஹவ்ஸ்ஹோல்டரின் அமெரிக்கக் காப்புரிமை எண் 4247508. தேடிப் பாருங்கள், வரைபடங்களும் இருக்கு.