கான்பூர், 1931

வகுப்புக் கலவரம் எங்கேனும் மூண்டால், ‘இது நூற்றாண்டுக் கணக்கான மதப்பகை’ என்று ஒரே சொல்லில் காரணம் கூறி முடித்துவிடுவோர் உளர். கான்பூரில் நிகழ்ந்ததை ஆராயுங்கால் இக்கூற்று நிலைபெறவில்லை.

1931 மார்ச் 23ஆம் நாள் லாகூர்ச் சிறையில் பகத்சிங்கும் தோழர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். மறுநாள் கான்பூரில் கடையடைப்பு. முஸ்லிம் வணிகர் பலர் கடைகளை மூட இசையவில்லை. வற்புறுத்தல் வாய்ச்சண்டையாகி, வாய்ச்சண்டை கல்லெறியாயிற்று. அந்நியத் துணி மறியலால் ஏற்கெனவே கசப்பு முற்றியிருந்த காலம் அது. பிப்ரவரியில்தான் காசியில் அத்துணியை விற்ற முஸ்லிம் வணிகர் ஒருவர் கொலையுண்டு, அந்நகரிலும் கலவரம் நிகழ்ந்திருந்தது. ஆக, தொடக்கத்தில் இருந்தது கடையும் துணியும். மதம் பின்னரே வந்து சேர்ந்தது. சேர்ந்தபின் பள்ளிவாசலும் தப்பவில்லை, கோயிலும் தப்பவில்லை. உயிரிழந்தோர் நூற்றுக்கணக்கானோர். முதல் நாளிலேயே அடக்கியிருக்கக்கூடிய தீயைக் காவல்துறையினர் கைகட்டி நின்று வளரவிட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

‘பிரதாப்’ இதழின் ஆசிரியர் கணேஷ் சங்கர் வித்யார்த்தி, இரு சமயத்தாரையும் தெருத்தெருவாகச் சென்று மீட்டு வந்தார். மார்ச் 25 அன்று அவரும் கொல்லப்பட்டார்.

அதே வாரம் கராச்சியில் கூடிய காங்கிரஸ், பகவான்தாஸ் தலைமையில் விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. பண்டித சுந்தர்லால் அதன் செயலாளர். கான்பூர்த் தெருக்களை விசாரிக்கப் புகுந்த அக்குழுவினர் பல நூற்றாண்டு வரலாற்றையே விசாரித்தனர்! பகை பழையது என்று நம்பியவனுக்குத்தானே அண்டை வீட்டான் ஒரே நாளில் பகைவனாகிறான்? அந்நம்பிக்கைக்குப் பாடநூல்களும் பொறுப்பாகும். இந்திய வரலாற்று ஏடுகளைத் தொகுத்த எலியட், முஸ்லிம் அரசர்களின் கொடுமையை அறிந்தால் ஆங்கிலேய ஆட்சியின் அருமையை மக்கள் உணர்வர் என்று 1849இலேயே ஒளிவின்றி எழுதியவர். பள்ளிப்பிள்ளைகள் படித்த வரலாறு பெரிதும் அத்தகையோர் வகுத்த வழியிலேயே சென்றது. 1576இல் ஹல்திகாட்டியில் அக்பரின் படைக்குத் தலைமை தாங்கியவர் மான்சிங் என்பதும், ராணா பிரதாபின் பக்கம் நின்று போரிட்டவர் ஹக்கீம் கான் சூர் என்பதும் அவ்வரலாற்றில் எடுபடாமற் போயின.

குழுவின் அறிக்கை 1933இல் அச்சாகியது. ஆங்கில அரசு அதனைத் தடை செய்தது. ஏற்கெனவே 1929இல், ஆங்கிலேய ஆட்சியைப் பற்றிச் சுந்தர்லால் எழுதிய இந்தி நூலையும் அது தடை செய்திருந்தது.